ரைகருக்குப் போட்ட பூனை ஊசி

என் புருசன் கனிசியசுக்குக் கடலில் பயமில்லை, நேவியில் பயமில்லை, என்னில் கொஞ்சமும் பயமில்லை. அப்பேர்ப்பட்ட மனுசன் ஒரு பூனை ஊசிக்குப் பயந்தார்.

கொழும்புத்துறையில் எங்கள் வளவில்தான் கருவாடு காயப்போடுவோம். வருமானம் அதுதான். பாயில் மீனைப் பரப்பினால் காகமும் ஊர்ப் பூனைகளும் தங்களுக்கு விருந்து வைத்ததாகவே நினைக்கும். எங்கள் நாய் வெள்ளைச்சி இருந்தவரை ஒரு நெத்தலி குறைந்ததில்லை. தானும் தொடமாட்டாள், மற்றதுகளையும் தொட விடமாட்டாள். தொண்ணூற்றிரண்டு மாரியில் வாந்தியும் இரத்தக் கழிச்சலும் வந்து அவள் செத்துப்போனாள். கனிசியஸ் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. பல்லுக்கொதி என்று சொன்னார். நானும் நம்பியதுபோல இருந்தேன்.

பிறகு நீர்வேலியிலிருந்து ஒரு கடுவன் நாய்க்குட்டி கொண்டுவந்தார். ரைகர் என்று பெயரும் வைத்தார். மிருக வைத்தியர் பத்மாவதி சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்தார்.

"வெள்ளைச்சியைக் கொண்ட கிருமி உங்கடை மண்ணிலை ஒரு வருசம் எண்டாலும் கிடக்கும். ஊசி போடாட்டி இவனும் தப்பமாட்டான். சண்டையாலை பாதை பூட்டு, நாய்க்குரிய ஊசி கொழும்பிலை இருந்து வர வழியில்லை. ஒரு வெள்ளைக்கார நேர்ஸ் தன்ரை பூனைக்குக் கொண்டுவந்ததிலை ரெண்டு போத்தல், மண்ணெண்ணெயிலை ஓடுற என்ரை பிறிச்சுக்குள்ளை குளிரிலை கிடக்கு. அதைப் போடுவம்."

"பூனை ஊசியோ?" என்றார் கனிசியஸ்.

"ஓம் அண்ணை. பூனையைக் கொல்லுற கிருமியும் நாயைக் கொல்லுற கிருமியும் சகோதரங்கள். இருபது வருசத்துக்கு முந்தி நாய்க்கு உந்த வருத்தமே இல்லை. உந்தக் கிருமியின்ரை மரபணுவிலை மொத்தமே ஒரு ஐயாயிரம் எழுத்துத்தான். அதிலை ஒரு சில மாறினதோடை, பூனை வீட்டுப் பூட்டுக்குச் செய்த திறப்பு நாய் வீட்டுப் பூட்டையும் திறக்கத் துவங்கிட்டுது. ஒண்டைத் தடுக்கிற ஊசி மற்றதையும் தடுக்கும்."

"அப்ப ஆட்டுக்கும் வருமோ? எங்களுக்கு?"

"அந்தக் கதவுகளுக்கு உந்தத் திறப்புச் சரிவராது. அந்தக் குடும்பத்திலை மனுசருக்கெண்டு வேறை ஒண்டு இருக்கு. பிள்ளையளுக்குக் கன்னம் சிவக்கும். அது நாயிட்டைப் போகாது."

கனிசியஸ் தலையைச் சொறிந்தார். "எல்லாம் சரி. ஊசிக்குள்ளை பூனைக்குணம் இருந்தால்? எங்கடை வளவு முழுக்க மீனெல்லோ."

"ஊசிக்குள்ளை பூனை இல்லை அண்ணை. செத்த கிருமிதான் இருக்கு. பூனைக்கு உவ்வளவு பயமெண்டால் ஏன் ரைகர் எண்டு பேர் வைச்சனீங்கள்? ரைகர் எண்டால் புலி, புலியும் பூனைக் குடும்பந்தானே."

நான் பார்த்த பார்வையில் மனுசன் முதல் ஊசிக்குச் சம்மதித்தார். அன்று பின்னேரமே பத்மாவதி போத்தலைக் கொண்டுவந்து போட்டார். மூன்று கிழமையில் இரண்டாவது போடவேண்டும், இரண்டும் போட்டால்தான் காவல் என்று சொல்லிவிட்டு வைத்தியர் போனார்.

மறுநாளே பரீட்சை தொடங்கியது. கனிசியஸ் ஒரு சூடை மீனை ரைகருக்கு முன்னால் வைத்தார். அது தலை, வால், முள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அடுத்தது எங்கே என்று அவரைப் பார்த்தது.

"பாத்தியே யசிந்தா? பூனை."

"போன கிழமை உங்கடை செருப்பைத் திண்டது. அதுக்கு ஆர் என்ன ஊசி போட்டது?"

அவருக்கு அது ஏறவில்லை. குட்டி அடுப்படியில் படுத்தால் பூனை. காலை நக்கினால் பூனை. மதிலில் ஏறப் பார்த்து விழுந்ததும் பூனைதான். பூனை விழாது என்று நான் சொன்னது காற்றோடு போயிற்று. இரண்டாவது ஊசி வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். கருவாட்டில் சீவிக்கிற வீட்டில் கள்ளனை வளர்க்க ஏலாதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை அவருக்கு முன்னால் இடித்து வைத்துச் சோறு போட்டேன்.

அந்த நேரத்தில்தான் வேலிக்கு அந்தப் பக்கம் கிறகோரி அண்ணையின் நாய்க்கு வாந்தி தொடங்கியது. அதே இரத்தக் கழிச்சல், அதே நாற்றம். அது முனகுவது எங்கள் குசினிவரை கேட்டது. அது செத்ததும், புதைக்கக் கிடங்கு வெட்டக் கனிசியஸ் மண்வெட்டியோடு போனார்.

திரும்பி வந்தவர் எங்கள் வேலிப் படலையைத் திறக்காமல் வெளியிலேயே நின்றார். ரைகர் வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் ஓடியது.

"அவனைப் பிடி," என்றார். "என்ரை கையிலை, காலிலை எல்லாம் அந்தக் கிருமி இருக்கும். கிட்ட விடாதை."

சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டுபோய் வைத்தேன். அவர் தேய்த்த தேய்ப்பில் தோல் மிஞ்சியதே புதுமை. சாரத்தை மாற்றிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். எங்கே என்று எனக்கு விளங்கிற்று. குட்டியைப் பனையோலைக் கடகத்துக்குள் வைத்துக்கொண்டு கரியரில் ஏறினேன்.

பத்மாவதி எங்களை அன்று எதிர்பார்க்கவில்லை. தவணைக்கு இன்னும் ஒன்றிரண்டு நாள் இருந்தது. கனிசியஸ் கடகத்தை மேசையில் வைத்தார்.

"டொக்டர், மற்றதையும் போடுங்கோ. பூனையாப் போனாலும் போகட்டும். மீனைத் திண்டுகொண்டு உயிரோடை கிடக்கட்டும். கருவாட்டை நான் காவல் காக்கிறன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு நாள் மூட்டி வைத்திருந்த கோபம் முழுக்க வீணாகப் போயிற்று.

ரைகர் தப்பிவிட்டது. வளர்ந்து, ஊரிலேயே பேர்போன மீன்கள்ளனாகவும் ஆகிவிட்டது. கனிசியஸ் சொன்ன சொல் தவறாமல் தடியோடு பாய்க்குப் பக்கத்தில் இருந்து காகம் கலைக்கிறார். நாய் அவருடைய கால்மாட்டில் நித்திரை கொள்கிறது. நேற்று ஒரு முழுப் பாரைக் கருவாட்டைக் காணவில்லை என்று நான் விளக்குமாற்றோடு வந்தேன். கனிசியஸ் எழும்பி நடுவில் நின்றார்.

"அவனை ஏசாதை," என்றார். "அது ஊசியின்ரை குணம்."