ஒரு முழம் நகர்ந்த தெரு

1957ஆம் வருஷம் ஆவணி முதல் தேதி, காலையில் களி கிண்டும் நேரத்தில், வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெரு ஒன்றில் பதினோரு வீடுகள் வீட்டுக்கு ஒரு முழம் நகர்ந்து, நடுவில் ஒரு வீட்டுக்கு இடம் விட்டன. அடுப்பிலிருந்த பானை தளும்பவில்லை. சென்னகிருஷ்ணனின் மாடு மட்டும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தீவனத்தில் வாய் வைத்தது. மனசு வைத்தால் வீடு நகரும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் தள்ளி உட்காருவதில்லையா, அதுபோலத்தான். ஒரு மாதம் முன்னால் நகர்ந்திருக்கலாமே என்பதுதான் இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

அணைத் தண்ணீரில் தங்கள் ஊர் முழுகி, நாகம்மாவும் அவள் புருஷன் மாதப்பனும் இரண்டு பெண்பிள்ளைகளோடு தெருக்கோடி மாமரத்தடிக்கு வந்தது ஆடி இரண்டாம் தேதி. கடைசி வீட்டு மங்கம்மா அன்றே வீடு வீடாக ஏறி இறங்கி, நகர்ந்து இடம் விட எல்லோரையும் சம்மதிக்க வைத்துவிட்டாள். தங்கமான மனசு. ஆனால் நாள் குறித்தவளும் அவள்தான்.

"ஆடி போவட்டும் நாகம்மா. ஆடியில குடி பூந்தா குடும்பத்துக்கு ஆவாது."

"சரிங்கக்கா, நீங்க சொன்னா சரிதான்."

முறை வைத்து மாமரத்தடிக்குக் களி போனது, கம்பளி போனது. மழையும் விடாமல் பெய்தது. மாதப்பனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டபோது ஆடி முடிய நான்கு நாள் இருந்தது. நாலு நாள்தானே என்றாள் மங்கம்மா. அவன் மூன்றாம் நாள் செத்துப்போனான். நல்லதை நினைத்துச் செய்த தப்புக்கு யாரைத் திட்டுவது? நாகம்மா ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மங்கம்மா பிழைத்திருப்பாள்.

அடுத்த ஆடியில் மங்கம்மாவின் வீடு மட்டும் மாமரத்தை நோக்கி மறுபடி நகர ஆரம்பித்தது. நகரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. 1959இல் மரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. கிளைக்கு வழிவிட அவளே ஏறி ஓடுகளைப் பிரித்தாள். மாதப்பன் கிடந்த இடத்தில், ஒழுகும் மழையில், பாய் போட்டுப் படுத்தாள்.

நாகம்மா வாசலில் நின்று கெஞ்சினாள். "நம்மூட்டுக்கு வந்து படுங்கக்கா. நனையிறீங்களே."

"ஆடி போவட்டும்" என்றாள் மங்கம்மா.

அந்த மரத்துக் காய்களைத் தெருவில் இப்போதும் வீட்டுக்குள்ளேயே பறிக்கிறார்கள்.