தாழ்ப்பாள் போட்ட கை

கோடை விடுமுறைக்கு வெளிநாட்டுக்குப் போய்ப் பிள்ளைகள் இல்லத்தில் சேவை செய்யப்போகிறேன் என்று அவள் சொன்னபோது வீடே வாயைப் பிளந்தது. தன் தலையணைக்கு உறை மாட்டத் தெரியாதவள், ஊரார் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடப் போகிறாளாம்! “நம்ம ஜனங்கதாம்மா நடத்துறாங்க, பேச்சும் நம்ம பேச்சுதான்” என்று சொன்ன பிறகுதான் அம்மா பெட்டியைக் கட்ட விட்டாள்.

வந்த அன்றே நிர்வாகி அம்மா இரண்டு விஷயம் சொல்லிவிட்டார். “பிள்ளைங்கள கத்திக் கூப்பிடாத, கிட்டப் போய்க் கூப்பிடு. பட்டாணிக்கு மூச்சிரைப்பு இருக்கு. அவன யார் பாத்துக்கிறாங்களோ அவங்க பாக்கெட்லதான் இன்ஹேலர் இருக்கணும்.”

முதலாவதை ஏதோ மரியாதைப் பாடம் என்று நினைத்துக் காற்றில் விட்டாள். இரண்டாவதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பட்டாணிக்கு ஐந்து வயது. புதிதாக வந்தவன், இருப்பவர்களிலேயே சின்னவன். பேச்சு குறைவு, அழுகை அறவே கிடையாது. ஆனால் மருந்து இழுக்கும் முன் அந்தக் குப்பியைக் குலுக்குவதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டான். “அது என் வேல” என்பான் பெரிய மனுஷன் மாதிரி.

அன்று மற்ற பிள்ளைகளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தார்கள். சளி பிடித்திருந்ததால் பட்டாணி மட்டும் மேல்மாடிக் கூடத்தில் உட்கார்ந்து காகிதம் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் துவைத்த விரிப்புகளைக் கண் மறையும் அளவுக்கு அள்ளிக்கொண்டு போய்த் துணி அறையில் அடுக்கினாள். கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் போட்டாள். பூனை புகுந்துவிடும் என்று அம்மா திட்டித் திட்டிப் படிந்த பழக்கம். இந்த இல்லத்தில் பூனையே கிடையாது.

திரும்பி வந்தால் கத்தரிக்கோல் இருந்தது, பட்டாணி இல்லை.

கழிப்பறையில் இல்லை. கட்டிலடியில் இல்லை. கீழே அடுப்படிக்கு ஓடினாள்.

“வாசல் கேட்டு பூட்டித்தான் இருக்கு, சாவி எங்கிட்டதான் இருக்கு” என்றார் சமையல்காரர். சொன்னவரின் முகம் சட்டென்று வெளுத்தது. “பின்னாடி தண்ணித் தொட்டி திறந்து கெடக்கு!” கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

மருந்து தன் பாக்கெட்டில் இருக்கிறது, பிள்ளை எங்கேயோ இருக்கிறான். இந்நேரம் மூச்சுத் திணறினால்? “பட்டாணீ! டேய் பட்டாணீ!” தொண்டை கிழியக் கத்திக்கொண்டே மாடிப்படி ஏறினாள். ஒவ்வொரு கதவாகத் தள்ளினாள். துணி அறையைத் தாண்டி இரண்டு தடவை ஓடினாள். வெளியே தாழ்ப்பாள் போட்ட அறைக்குள் பிள்ளை எப்படி இருப்பான்?

“தொட்டியில இல்லம்மா!” என்று கீழிருந்து குரல் வந்தது. போன உயிர் பாதி திரும்பியது. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது. போன வாரம் சிலிண்டர் போட வந்த ஆள் வாசலில் நின்று கத்தியபோது, பட்டாணி இதே மேஜைக்கு அடியில் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கிடந்தான். ஆள் போய் வெகு நேரம் கழித்துத்தான் கையை எடுத்தான்.

ஐயோ, இவ்வளவு நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

வாயை மூடிக்கொண்டாள். பாக்கெட்டிலிருந்து இன்ஹேலரை எடுத்துக் குலுக்கினாள். கத்தலுக்குப் பதுங்குகிறவனுக்கு இது தன் வேலையின் சத்தம். மெல்ல நடந்தாள். ஒவ்வொரு கதவின் முன்னும் நின்று குலுக்கினாள், காது கொடுத்தாள்.

துணி அறைக்குள்ளிருந்து விசில் மாதிரி மெல்லிய சத்தம் வந்தது. மூச்சு.

தாழ்ப்பாளைப் பார்த்தாள். அவள் கை போட்டது. விரிப்புக் குவியலைச் சுமந்து போனவள், பின்னாலேயே வால் மாதிரி வந்து உள்ளே நுழைந்தவனைப் பார்க்கவே இல்லை.

திறந்தாள். விரிப்பு அடுக்குக்குப் பின்னால், புழுக்கத்தில் நனைந்து, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து குப்பியை நீட்டினாள். கையை எடுத்தான், தன் வேலையைத் தானே செய்தான், இழுத்தான். இன்னொரு தடவை இழுத்தான். நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது.

அவள் மடியில் ஒண்டிக்கொண்டு, கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தபடி ரகசியமாகக் கேட்டான்:

“அக்கா, கத்துனாங்களே, அவங்க போயிட்டாங்களா?”

அவனைவிடச் சின்னக் குரலில் அவள் சொன்னாள்:

“போயிட்டாங்கடா. இனிமே வரமாட்டாங்க.”