கசப்புக் காப்பி

ஃபாயிஸ் மலைப்பாதையில் வண்டி உருண்டு செத்து மூன்று ஈஸ்டர் போய்விட்டது. அன்று கவிழ்த்த கல்லுரலை அவன் அம்மா வதாத், என் அண்ணி, இன்னும் நிமிர்த்தவில்லை. ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து அவன்தான் அதில் கோதுமை நொய்யோடு பிசையும் கிப்பேக்கு ஆட்டுக்கறி இடிப்பான். சத்தம் கேட்டே சொந்தபந்தமெல்லாம் வந்து உட்காரும். இப்போது எங்கள் வீட்டில் கறி இடிப்பதில்லை, பண்டிகைக்கு இனிப்பு சுடுவதில்லை, காப்பியில் சர்க்கரை கிடையாது. துக்க வீட்டுக் காப்பி கசப்பாகத்தான் இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக மூன்று வருஷமா?

அவன் தங்கை ஹியாமைப் பெண் கேட்டு நதீமின் அப்பா வருகிறார் என்றதும் நான் உலக்கையைக் கழுவி வைத்தேன்.

"அதைத் தொடாத," என்றாள் அண்ணி. "பருப்புச் சோறு போதும்."

"பொண்ணு கேக்க வர்றவருக்குப் பருப்புச் சோறா? இன்னிக்கி என்ன பெரிய வெள்ளிக்கிழமையா? மனுஷன் எழுந்து போயிட்டா இவ கதி என்ன அண்ணி?"

"என் வீட்டுல உலக்கைச் சத்தம் கேக்கக் கூடாது. அவ்வளவுதான்."

ஹியாம் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். அம்மா துக்கத்தை முடிக்காமல் மோதிரம் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று நதீமிடம் சொல்லிவிட்டவள். அவனும் எத்தனை நாள் காத்திருப்பான்?

நதீமின் அப்பா, அபூ நதீம், வந்தார். நல்ல மனிதர், பருப்புச் சோற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஆனால் வந்த விஷயத்தைப் பேச அவருக்கு நாக்கு எழவில்லை. சுவரில் ஃபாயிஸ் படம், எதிரே கறுப்பு உடுப்பில் அண்ணி. பதற்றத்தில் காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிண்ணத்தை அவளிடம் நீட்டி, பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார்:

"தாயிமெ!"

என்றும் இப்படியே நிலைக்கட்டும் என்று அர்த்தம். விருந்து முடிந்து காப்பி குடித்தால் எல்லோரும் சொல்வதுதான். துக்க வீட்டில், சர்க்கரை போடாத காப்பிக்கு, அதைவிடப் பெரிய சாபம் கிடையாது.

அவர் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ, மன்னிச்சிடும்மா... வாய் தவறி..."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அண்ணி எழுந்து அவரிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு மகளைப் பார்த்தாள். இந்த மூன்று வருஷத்தில் அண்ணி அவளை அப்படிப் பார்த்ததே இல்லை.

"அந்த வார்த்தை இந்தக் கசப்பு மேல நிக்கக் கூடாது," என்றாள். என் பக்கம் திரும்பினாள். "உன் துணிப்பெட்டியில ஒளிச்சு வச்சிருக்கியே சர்க்கரை, அதைக் கொண்டா."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது! போய் எடுத்து வந்தேன்.

அவளே புதிதாகக் காப்பி காய்ச்சினாள். சர்க்கரை போட்டு, எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.

"குடிச்சிட்டு இப்ப சொல்லுங்க அண்ணா."

அபூ நதீம் குடித்தார். "தாயிமெ," என்றார்.

அண்ணி தன் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்தாள். கண்ணீர் கொட்டியது. என்னாலும் அடக்க முடியவில்லை.

"ஃபாயிஸுக்கு ரெண்டு கரண்டி போடணும்," என்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சர்க்கரை டப்பாவை ஹியாம் பக்கம் நகர்த்தினாள்.

"உனக்கு எவ்வளவு போடணும்னு எனக்கு மறந்தே போச்சுடி. சொல்லு."