சுவரைத் தள்ளியவன்

பிசியோதெரபி இரண்டாம் ஆண்டில், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தோள்பட்டை நரம்புகளைச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். இதை நானேதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அக்கா வீடு மாறியபோது புத்தக அலமாரியைத் தனியாளாகத் தோளில் ஏற்றினேன். "இருங்க மாப்ள, ஆளுக்கொரு பக்கம் பிடிக்கலாம்" என்றார் அக்கா வீட்டுக்காரர். தோளைப் பற்றிப் படிக்கிறவனுக்குத் துணை எதற்கு? மாடி வரை தூக்கிப் போனேன்.

அடுத்த வாரம் வலது கை தலைக்கு மேல் போக மறுத்தது. டாக்டரிடம் போவானேன் என்று நானே கண்டுபிடித்தேன்: டெல்டாய்டு தசை, அதற்குப் போகும் ஆக்சிலரி நரம்பு. வைத்தியமும் என்னுடையதே. தினமும் டம்பெல் தூக்கினேன். கை இன்னும் கீழே இறங்கியது.

செய்முறை வகுப்பில் மேடம் கேட்டார்: "நல்ல தோள் எப்படி இருக்கும்னு பாக்கணும். யாராவது சட்டையக் கழட்டிட்டு சுவரத் தள்ளுறீங்களா?"

அவர் முடிப்பதற்குள் சட்டை என் கையில் இருந்தது. உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, கேட்காமலே பாடமும் எடுத்தேன்.

"தோள்பட்டை எலும்ப விலாவோட ஒட்டிப் பிடிக்கிறது செர்ராட்டஸ் ஆன்டீரியர் தசை, மேடம். அதுக்கு லாங் தொராசிக் நரம்பு. கழுத்துல அஞ்சு, ஆறு, ஏழாவது வேர்லருந்து வருது. அது கெட்டுச்சுன்னா எலும்பு றெக்க மாதிரி பின்னால தூக்கிக்கும்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தள்ளினேன்.

"போதும்பா" என்றார் மேடம், குரலைத் தணித்து. அவர் விரல் என் வலது தோள்பட்டை எலும்புக்கு அடியில் சுலபமாக நுழைந்தது. "இது எவ்வளவு நாளா இப்படி இருக்கு?"

"எது மேடம்?"

வகுப்பே வெடித்துச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அன்றே நரம்புப் பரிசோதனைக்கு அனுப்பிவைத்தார். அலமாரியின் பாரத்தில் கெட்டிருந்தது நான் ஒப்பித்த அதே நரம்புதான்.

ஆண்டுத் தேர்வில் ஒரு கேள்வி: லாங் தொராசிக் நரம்பு கெட்டால் தோள்பட்டை எலும்பின் எந்த ஓரம் துருத்தும்? எல்லோரும் உள்ளோரம் என்று சரியாக எழுதினார்கள். அவர்கள் என் முதுகைக் கண்ணால் பார்த்தவர்கள். நான் மட்டும் வெளியோரம் என்று எழுதியிருந்தேன்.

கை மெல்ல மெல்லத் தேறியது. மேடம் சொன்ன பயிற்சியை மட்டும் செய்துவிட்டு, மற்ற நேரம் நரம்பை அதன் பாட்டுக்கு விட வேண்டும். எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்த இரண்டாவது பாதிதான்.