இரண்டாம் படிக்குக் கீழே

கிடங்கு வாசலில் லாரியிலிருந்து குதித்த ஓட்டுநர் தரையைத் தொட ஒன்பது வருடம் ஆனது. இரண்டாம் படியிலிருந்து தரைக்கு மூன்றடிதான். வண்டியைப் பார்த்துத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்து இறங்க வேண்டும் என்று கதவிலேயே எழுதியிருந்தது. ஆனால் ரசீதில் முத்திரை போடும் குமாஸ்தா சரியாக ஒரு மணிக்கு ஜன்னலைச் சாத்திவிடுவார். அதனால் அங்கே வருகிற ஓட்டுநர்கள் எல்லோரும் ஒரு கையில் ரசீதும் மறு கையில் சாப்பாட்டுப் பையுமாக, வண்டிக்கு முதுகைக் காட்டித்தான் குதிப்பார்கள். இவரும் அப்படித்தான் குதித்தார், காற்றிலேயே நின்றுவிட்டார். நின்றார் என்பதும் சரியில்லை. மாதத்துக்கு அரை விரல் அகலம் இறங்கிக்கொண்டிருந்தார். வாய் மட்டும் வழக்கம்போல வேலை செய்தது. "யாராவது அந்த முத்திரைய வாங்கிட்டு வாங்கப்பா" என்றார் முதல் நாள். வாங்கிக் கொடுத்தார்கள். வண்டியை வேறொருவர் ஓட்டிப் போனார்.

வலது பாதம் உள்பக்கம் மடங்கியிருந்தது. அது தரையில் பட்டால் கணுக்கால் போய்விடும் என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது. கயிறு கட்டி இழுத்தும் ஆள் அசையவில்லை. மனைவி மெத்தை கொண்டுவந்து போட்டாள். பாதத்துக்கு நேர்கீழே மட்டும் மெத்தை கல்லாக இறுகியது. மருத்துவரை அழைத்து வந்தாள். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "உடையாத எலும்புக்கு நான் எப்படிம்மா கட்டுப் போடறது? உடையட்டும், உடனே வந்துடறேன்" என்றார். நடக்காத விபத்தைப் பதிவேட்டில் எழுத முடியாது என்று மேலாளர் கையை விரித்தார். ஒன்பது வருடம் முன்னாலேயே தெரிந்த விபத்து, தடுக்க நாதியில்லை. இதைவிட அநியாயம் உண்டா? பள்ளிக்கூடம் போகும் வழியில் தினமும் அவர் செருப்பைத் துடைத்துவிட்டுப் போன மகள் கல்லூரியும் முடித்துவிட்டாள்.

ஒன்பதாம் வருட மழைக்காலத்தில் பெருவிரல் தரையைத் தொட்டது. மனைவி கணுக்காலை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டாள்.

"நான் பிடிச்சிருக்கேன், பயப்படாதீங்க."

"விட்டுடும்மா, உன் கை நசுங்கிடும்."

அவள் விடவில்லை. எலும்பு அவள் உள்ளங்கைக்குள் உடையத் தொடங்கியது, நாளுக்கு ஒரு மயிரிழை. முழுதும் உடைய நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் அவர் கத்தினார். கிடங்கில் இருந்தவர்கள் கொஞ்சம் சத்தமாகப் பேசப் பழகிக்கொண்டார்கள். கடைசி நாள் மருத்துவர் சொன்ன சொல் தவறாமல் வந்து கட்டுப் போட்டார். பக்கத்து வண்டிகளிலிருந்து ஓட்டுநர்கள் ரசீதோடு குதித்துக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்றாகப் போகிறதே.