கேலி முறைக்காரி

அந்த ஆளின் தொப்பை மேல் பிலோமேன் அழுதுகொண்டிருந்தாள். சாவுக்கென்று சினிமா விழாக் குழு புதிதாக அடித்துக் கொடுத்த வெள்ளை டீஷர்ட். இளவயது பிலோமேன் கண்ணை இறுக மூடி, வாயைப் பிளந்து, இரண்டு கையையும் தலையில் வைத்துக் கதறும் படம். அதற்குக் கீழே ‘மகா கலைஞனே, நன்றி’ என்று ஒரு வரி. அவன் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி அடுக்கும்போது தொப்பை மடிந்து விரிய, அவள் வாயும் மூடித் திறந்தது. தலைநகர் வாகாடூகுவில் பாதிப் பேர் அன்றைக்கு அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தார்கள். பந்தலில் திரும்பிய பக்கமெல்லாம் அவளே அழுதாள். வயதாகிப்போன நிஜப் பிலோமேன் எந்தச் சட்டையையும் பார்க்காமல் வாசலுக்கு நடந்தாள்.

செத்தவர் நோவாகா தப்சோபா. படமெடுத்து, வெளிநாடு வெளிநாடாய்ப் போய், பரிசும் கைதட்டலுமாய் வாழ்ந்து, எண்பதைத் தாண்டி, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்த மனிதர். நல்ல சாவு என்று எல்லோரும் சொன்னார்கள். சாவில்கூட அவருக்கு வசதிதான் என்று பிலோமேன் நினைத்தாள்.

வாசலில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் அவளைக் கண்டதும் குஷியாகிவிட்டார்கள்.

“வாடி, நாய்த்தலை தின்னி! வாசம் பிடிச்சிட்டு வந்துட்டியா? இன்னைக்கு வெறும் ஆட்டுக்கறிதான்டி!”

“எங்கள அழ வெக்கிறியோ, சிரிக்க வெக்கிறியோ, சீக்கிரம் ஆரம்பி!”

வேறு நாளென்றால் ‘கழுதை தின்னுற அடிமைப் பசங்களா, எசமானி வந்திருக்கேன், எந்திரிங்கடா’ என்று அவளும் பிடித்திருப்பாள். அவள் சாமோ, அவர்கள் மோசி. இரண்டு இனத்துக்கும் கேலி முறை. மோசி வீட்டில் சாவு விழுந்தால் சாமோக்காரர்கள் வந்து பிணத்தைத் திட்டுவார்கள், செத்தவர் மாதிரியே பேசி நடந்து காட்டுவார்கள், சவப்பெட்டியை மறிப்பார்கள், காசு போட்டால்தான் வழி விடுவார்கள். அதற்கு யாராவது கோபித்தால் அவன் பிறப்பிலேயே கோளாறு என்று அர்த்தம். அன்றைக்கு அவள் வாயைத் திறக்காமல் உள்ளே போனாள். அதையும் ஒரு வேஷம் என்று எடுத்துக்கொண்டு கிழவர்கள் பின்னாலேயே சிரித்தார்கள்.

நோவாகாவின் மகன் எட்கார் முற்றத்தில் திரை கட்டுவதை மேற்பார்வையிட்டுக்கொண்டிருந்தான். பிரஸ்ஸல்ஸில் வேலை, கறுப்புக் கோட்டு, முகமெல்லாம் வியர்வை. பிலோமேன் அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

“எட்கார், அந்தக் காட்சியப் போடாத. வேற எது வேணாலும் போடு. அது மட்டும் வேணாம்.”

“அத்தை! அது இல்லாம அப்பாவே இல்லையே. எந்த சினிமாப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அதைத்தான் போட்டுப் பாடம் நடத்துறாங்க. உங்க நடிப்பு…”

“நடிப்பில்லடா அது.”

“அதையேதான் எல்லாரும் சொல்றாங்க, அத்தை. நடிப்பே இல்ல, வாழ்ந்திருக்காங்கன்னு.”

அவன் குனிந்து அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு, ஒலிபெருக்கிக்காரனைத் திட்டப் போய்விட்டான். அவனை அறைந்திருக்கலாம். ஆனால் அவன் அப்போது பிறக்கவே இல்லை, அவனுக்கு என்ன தெரியும்?

அது கோடைக்காலம். உவாகிகுயா பக்கம் ஒரு கிராமத்தில் படப்பிடிப்பு. பிலோமேன் தன் மகள் ஒடீலை துகானில் இருந்த அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். ஒடீலுக்கு மூன்று வயது. பிள்ளை செத்த செய்தி கேட்டுத் தாய் கதறுகிற காட்சி மட்டும் வரவே இல்லை. நோவாகா கெஞ்சினார், கத்தினார், ஒருநாள் வெங்காயம்கூட நறுக்கிக் கொடுத்தார். ஊஹூம். அப்புறம் ஒரு மத்தியானம் வெயில் உச்சியில் நிற்க, கேமரா ஓடத் தொடங்கியதும் அவரே நடந்து வந்து அவள் காதில் சொன்னார். “ஒடீல் போயிட்டா. மூளைக்காய்ச்சல்.” சொல்லிவிட்டுச் சட்டென்று விலகிக்கொண்டார், கேமராவை மறைக்காமல். அவள் கதறினாள். மண்ணில் புரண்டாள். புழுதிக்கு நடுவே அவர் குரல் மட்டும் அவள் காதில் தெளிவாக விழுந்தது. “ஹமாதோ, ஃபோகஸ் இருந்ததா?”

அதுகூடப் பெரிதில்லை. வேன் பிடித்து துகானுக்கு ஓடினால், அக்கா அவள் மாரில் குத்திக் குத்திக் கேட்டாள். “நேத்து மத்தியானமே ஆள் விட்டோமேடி! விடிஞ்சும் எடுக்காம உனக்காகப் பிள்ளைய வெச்சிக்கிட்டுக் காத்துக் கிடந்தோமே, எங்கடி போன?” செய்தி கொண்டுவந்த வேன்காரனுக்குச் சாயங்காலம் சோறு போட்டு, தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார் நோவாகா. அவருக்கு மத்தியான வெளிச்சம் வேண்டியிருந்தது. அவள் போனபோது புதைமேட்டு மண் காய்ந்திருந்தது. பிள்ளை முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

சொல்லாமலா இருந்தாள்? ஒரு பத்திரிகைக்காரனிடம் சொன்னாள். நடிகையிடமிருந்து உண்மை உணர்ச்சியை வரவழைக்கும் இயக்குநர் என்று அவன் எழுதினான். வெளிநாட்டு விழா மேடையில் சொன்னாள். ‘என் குழந்தை இறந்ததாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்’ என்று மொழிபெயர்த்தார்கள், அரங்கமே எழுந்து கைதட்டியது. நோவாகாவிடமே ஒருமுறை நேருக்கு நேர் கேட்டாள். அவர் நிதானமாக, “அந்தக் கண்ணீர் வீணாப் போகலையே, பிலோ” என்றார். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அது நடிப்பில்லை, என் பிள்ளைக்கு நான் அழுதது என்று ஒரு ஆளாவது காதில் வாங்கவேண்டும். இவரை மண்ணுக்குள் வைத்துவிட்டால் அதுவும் சேர்ந்து மூடிப்போகும்.

திரையில் படம் ஓடியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காதை மூட முடியவில்லை. தன் குரலே முற்றமெங்கும் கதறிக் கேட்டது. பந்தலில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு கைதட்டல். பிள்ளை செத்ததற்குக் கைதட்டுகிறார்கள்.

பெட்டியைத் தோளில் தூக்கினார்கள். வாசலுக்கு வெளியே வண்டி நின்றது. பிலோமேன் எழுந்து போய் வாசல் நடுவில் நின்றாள்.

கூட்டம் கலகலப்பானது. “வந்துட்டாடா சாமோக்காரி! காசை எடுங்கடா!”

“இந்தாளு திருடன்!” என்று கத்தினாள் பிலோமேன். “என் பிள்ளை சாவைத் திருடினவன்!”

சிரிப்பு வெடித்தது. “அதையும் விட்டு வெக்கலையாடா தப்சோபா!” என்று ஒரு கிழவர் பெட்டியைப் பார்த்தே கேட்டார். இன்னும் சிரிப்பு.

“சிரிக்காதீங்கடா! என் ஒடீல் செத்த சேதிய ராத்திரி பூரா வயித்துக்குள்ள வெச்சிக்கிட்டு, மறுநாள் கேமரா முன்னாடி கக்கினான். நான் அழுதது நடிப்பில்ல!”

“ஆத்தாடி, எப்படிப் பேசுறா பாரு!” ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். செல்போன்கள் உயர்ந்தன. ஈராயிரம் பிராங்க் தாள் ஒன்று அவள் காலடியில் விழுந்தது, அதன்மேல் சில்லறை. எட்கார்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். “அப்பா மாதிரி பேசிக் காட்டுங்க, அத்தை!”

காலமெல்லாம் பொத்தி வைத்ததைத் தெருவில் கொட்டினால், அது இவர்களுக்குக் கூத்து. இத்தனை நாள் அவள் வாயை அடைத்தது நோவாகா மட்டுமில்லை, இந்தக் கேலி முறையும்தான். இங்கே எதை வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் நம்பமாட்டார்கள்.

பேசிக் காட்டவா சொல்கிறாய்? அவள் தோளை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, நோவாகாவின் அந்த நிதானமான மூக்குக் குரலில் கேட்டாள்.

“ஹமாதோ, ஃபோகஸ் இருந்ததா?”

அச்சு அசல் அதே குரல். முற்றமே உருண்டு சிரித்தது. பெட்டி தூக்கியவர்களுக்குத் தோள் குலுங்கியது. சிரிக்காமல் நின்றவர் ஒரே ஒருவர். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, தலை நரைத்து, ஒடுங்கிப்போன ஆள். ஹமாதோ சுங்ரானா, அந்தப் படத்தின் கேமராமேன். வந்ததிலிருந்து அவள் கண்ணில் படாமல் ஒதுங்கி ஒதுங்கித் திரிந்தவர்.

பிலோமேன் வாசலிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அதுவும் முறைதான். தாள்கள் மடியில் விழுந்தன. “போதும்டி, எந்திரி, வெயிலேறுது” என்றார் ஒரு கிழவர், செல்லமாக. அவள் எந்திரிக்கவில்லை. காசைத் தொடவுமில்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. “ரொம்பத்தான் இழுக்கிறா,” என்று யாரோ முனகினார்கள்.

அப்போது ஹமாதோ பந்தல் காலை விட்டார். முட்டி வலியோடு கூட்டத்தை விலக்கி வந்து, முனகிக்கொண்டே அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார், பெட்டிக்கு எதிரே.

“டேய் ஹமாதோ! உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா?” முன்னால் நின்ற கிழவர் பதறினார். “நீ மோசிடா! மோசி எங்கயாவது மோசிப் பெட்டிய மறிப்பானா? உனக்கேதுடா கேலி முறை?”

“இல்லைதான்,” என்றார் ஹமாதோ. தலை குனிந்தே இருந்தது. “ஃபோகஸ் இருந்துச்சு, பிலோ. நான்தான் சரியா வெச்சிருந்தேன். சேதி வந்தது எனக்கும் முந்தின நாளே தெரியும்.”

பிலோமேன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது, அவள் அடிக்கவுமில்லை, இறக்கவுமில்லை. உயர்ந்திருந்த செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பெட்டி தூக்கியவர்களில் ஒருவன் தோள் மாற்றிக்கொண்டான். எட்காரின் முகத்தில் சிரித்த சிரிப்பு மிச்சமிருந்தது, அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

“பிள்ளை பேரு என்னன்னு சொன்ன?” என்று கிழவர் மெதுவாகக் கேட்டார்.

பிலோமேன் வழி விடவில்லை. வெயில் பெட்டி மேல் ஏறிக்கொண்டிருந்தது.