கிளியோஃபஸ் வீட்டுக்கு வந்த வாரண்ட்

ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் கறுப்பர்கள் நாங்கள் குடியிருக்கும் தெருக்களில் அந்தக் கோடையில் யாரும் கதவைத் திறந்து வைக்கவில்லை. ஜார்ஜியாவின் ஆகஸ்ட் வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவது அடுப்புக்குள் உட்காருவது மாதிரி. இருந்தும் சாத்தினோம். போலீஸ் தலைவர் ஷெரிஃப் ரட்டின் ஆட்கள் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தவள் என் தோழி ஒடெசா டில்லரி. அதில்தான் எங்களுக்குப் பெரிய சங்கடம். அவள் மகன் டெவானைப் பெட்ரோல் பங்கில் வைத்து எவனோ சுட்டுக் கொன்றான், காரை எங்கே நிறுத்துவது என்ற சண்டையில். அன்றிலிருந்து அவள் போகாத கூட்டம் இல்லை, கேட்காத ஆள் இல்லை. துப்பாக்கி இந்த ஊரை விட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அந்த ஜூலையில் பந்து மைதானத்தில் நடந்த சண்டையில் ஒரு சின்னப் பெண்ணின் தொடையில் குண்டு பாய்ந்தபோது, கவுண்டி என்கிற மாவட்ட நிர்வாகத்தின் கூட்டத்தில் எழுந்து நின்று அழுதாள். வீட்டுக்குள் போய் எடுங்கள் என்றாள். ஷெரிஃப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அடுத்த வாரமே திட்டம் தயார். வீட்டுக்காரர் சம்மதத்தோடு உள்ளே வந்து பார்ப்பார்கள், துப்பாக்கி இருந்தால் கொண்டுபோவார்கள். எங்கள் பக்கத் தெருக்களில் மட்டும்.

ஒடெசா கூட வந்து தட்டினால் கதவு திறக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். திறந்தது. விதவை லூசில், கணவர் விட்டுப்போன வேட்டைத் துப்பாக்கியைத் தானே எடுத்துக் கொடுத்தாள். ஷெரிஃபின் டெபுட்டிகள் அதோடு போகவில்லை. அலமாரி, கட்டில் அடி, மருந்து டப்பா வரை குடைந்தார்கள். ஏதோ பழைய வழக்கில் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவளுடைய தங்கை மகனுக்கு விலங்கு போட்டுக் கூட்டிப் போனார்கள். அடுத்த ஞாயிறு சபையில் லூசில் இடம் மாறி உட்கார்ந்தாள். நான் சர்ச்சில் பியானோ வாசிப்பவள், முன்னால் உட்கார்ந்திருந்ததால் எனக்கு எல்லாம் தெரிந்தது. ஒடெசாவின் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது.

கிளியோஃபஸ் பேட்டல் என் வீட்டுக்கு எதிர் வீடு. ராணுவத்தில் இருந்தவர், இப்போது கோழிப் பண்ணைக்கு லாரி ஓட்டுகிறார். தனி ஆள். மான் வேட்டைக்கு ஒரு ரைஃபிள், வீட்டுக்கு ஒரு கைத்துப்பாக்கி, இரண்டும் முறைப்படி வாங்கியவை. ஒடெசாவும் இரண்டு டெபுட்டிகளும் வந்தபோது அவர் வலைக்கதவைத் திறக்காமல் உள்ளே நின்றே பேசினார்.

"மிஸ் ஒடெசா, நீங்க உள்ள வாங்க, காபி போட்டுத் தரேன். இவங்க வரணும்னா ஜட்ஜ்கிட்ட வாரண்ட் வாங்கிட்டு வரட்டும்."

பைன் என்ற இளம் டெபுட்டி, ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டான்.

"பயம்னு யாரு சொன்னா சார்? இது என் வீடு."

பைன் கோபப்படவில்லை. வராந்தாவைச் சுற்றிப் பார்த்தான், ஜன்னல்களைப் பார்த்தான், பின்பக்கம் போகும் வழியைப் பார்த்தான். "சரி, உங்க இஷ்டம். அப்புறம் பார்ப்போம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினான். அவன் கத்தியிருந்தால் தேவலை என்று ஒடெசா பிறகு என்னிடம் சொன்னாள். அதற்கப்புறம் அவள் அவர்களோடு போகவில்லை.

மறுநாளிலிருந்து கிளியோஃபஸ் வீட்டு முன்னால் ரோந்துக் கார் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே இருப்பவன் முகம் தெரியாது. அவர் வேலைக்குக் கிளம்பினால் பின்னாலேயே போய் நிறுத்துவார்கள். பின்விளக்கு என்பார்கள், கோட்டைத் தாண்டினாய் என்பார்கள். அவர் இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். நான் ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பேன், மூடுவேன், மறுபடி விலக்குவேன்.

ஒடெசா ஒருநாள் என்னைக் காரை எடுக்கச் சொன்னாள். ஹார்லன் ஸ்டெகாலின் கடைக்கு என்றாள். நான் சாவியைக் கீழே போட்டுவிட்டேன். ஹார்லன் வெள்ளைக்காரர், ஊர் எல்லையில் தூண்டில் புழுவும் துப்பாக்கியும் விற்பவர். கூட்டங்களில் ஒடெசா ஒன்று சொன்னால் எதிர்த்துப் பேச எழுபவர் அவர்தான்.

கடைக்குள் நுழைந்ததும் அவள் நேராகச் சொன்னாள்: "எம் புள்ளையக் கொன்ன துப்பாக்கி இந்தக் கடையிலேருந்து போனது."

ஹார்லன் தொப்பியைக் கழற்றினார். "ஆமா மேடம். வாங்கினவன் டிரக் சீட்டுக்கு அடியில போட்டு வெச்சிருந்தான். எவனோ திருடிட்டான். திருடினவன்தானே குத்தவாளி?"

"பூட்டாமப் போனவன்?"

அவள் அதை அங்கேயே விட்டுவிட்டு கிளியோஃபஸ் கதையைச் சொன்னாள். ஹார்லனுக்கு அவரைத் தெரியும், மான் வேட்டைக் காலத்தில் தோட்டா வாங்க வருபவர். கேட்கக் கேட்க ஹார்லனின் கழுத்து சிவந்தது. வாரண்ட் இல்லாமல் ஒருவன் வீட்டுக்குள் நுழைவதா, இது என்ன நாடு என்று பொரிந்து தள்ளினார்.

"உங்க பக்கம் எத்தனை கதவைத் தட்டினாங்க, மிஸ்டர் ஹார்லன்?" என்று ஒடெசா கேட்டாள்.

ஹார்லன் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

அன்று கடை மூடும்வரை இருவரும் பேரம் பேசினார்கள். மீன் சந்தையில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. வாரண்ட் இல்லாமல் யார் வீட்டுக்குள்ளும் போகக்கூடாது, தான் கேட்டது தப்பு என்று ஒடெசா கூட்டத்தில் சொல்ல வேண்டும். துப்பாக்கியை வண்டியில் பூட்டாமல் விடுவது குற்றம் என்று கவுண்டி சட்டம் போட ஹார்லன் ஆதரவாகப் பேச வேண்டும், விற்கும் ஒவ்வொன்றோடும் பூட்டுப் பெட்டி கொடுக்க வேண்டும். வீட்டுக்குள்ளும் பூட்ட வேண்டும் என்றாள் அவள். அது முடியாது என்றார் அவர். வண்டியோடு நின்றது பேச்சு. இருவருக்கும் முழுத் திருப்தி இல்லை. அவர் கை நீட்டியபோது அவள் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் பிடித்தாள்.

கூட்டத்தில் இருவரும் ஒரே மைக்கின் முன் நின்றார்கள். பேசி வைத்தபடியே சொன்னார்கள். ஷெரிஃப் ரட் சிரித்த முகமாக எழுந்து, மக்களுக்குப் பிடிக்காத திட்டம் தனக்கும் வேண்டாம், இன்றோடு நிறுத்துகிறேன் என்றார். இறங்கி வந்து இருவருக்கும் கை கொடுத்தார். ஒடெசாவின் கையை மட்டும் விடாமல் வைத்திருந்தார்.

"நீங்க செஞ்சது எனக்கு ஞாபகம் இருக்கும் மேடம்."

ரோந்துக் கார் அடுத்த நாளும் வந்து நின்றது.

இனி வாரண்டோடு வருவார்கள் என்று ஹார்லன்தான் முதலில் சொன்னார். பெயர் சொல்லாத ஒருவன் போன் செய்து அந்த வீட்டில் திருட்டுத் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னால் போதும், நீதிபதி கையெழுத்துப் போட்டுவிடுவார். வந்தால் என்ன செய்வது என்று கிளியோஃபஸ் வராந்தாவில் பெரிய வாக்குவாதம். கைத்துப்பாக்கி இடுப்பில் இருக்கட்டும், அது சட்டம் கொடுத்த உரிமை, எதற்கு ஒளிக்க வேண்டும் என்றார் ஹார்லன்.

"உங்க இடுப்புல இருந்தா உரிமை. அவர் இடுப்புல இருந்தா, அவரைச் சுட்டுட்டு அதைத்தான் காரணமா எழுதுவாங்க" என்றாள் ஒடெசா.

ஹார்லன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. மிகைப்படுத்துகிறீர்கள் என்றார். கிளியோஃபஸ் உள்ளே போய் இரண்டு துப்பாக்கியையும் ஹார்லன் கொடுத்த பெட்டிக்குள் பூட்டிவிட்டு வந்தார். சாட்சிக்கு யாராவது கூட இருந்தால் போதும் என்றார். அன்றிலிருந்து ஹார்லன் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்தார். எங்கே போனாலும் அவரோடு வரும் ரைஃபிள் மடியில் இருக்கும். ஒடெசா ஐஸ் டீ கொண்டு வருவாள். பேச அவர்களுக்கு அதிகம் இருக்கவில்லை, பேஸ்பால் பற்றிப் பேசினார்கள்.

அவர்கள் வந்த மதியம் வானம் கறுத்து, இலை அசையாமல் இருந்தது. மூன்று கார்கள் சத்தமில்லாமல் தெருவுக்குள் நுழைந்தன. நான் முற்றத்துக்கு ஓடி வந்தபோது கிளியோஃபஸ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கதவைவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தார். டெபுட்டிகள் கார்க் கதவுகளுக்குப் பின்னால் நின்று குறி பார்த்தார்கள். எல்லாக் குழலும் அவர் நெஞ்சை நோக்கி. பக்கத்தில் நாற்காலியில் ரைஃபிளோடு உட்கார்ந்திருந்த ஹார்லனை நோக்கி ஒன்றுகூட இல்லை.

"மிஸ்டர் ஹார்லன், அதைக் கொஞ்சம் கீழ வெச்சிருங்க சார், ப்ளீஸ்" என்றான் பைன்.

அதே வாயால், "டேய், கீழ படு. மூஞ்சி தரையில இருக்கணும்" என்றான்.

கிளியோஃபஸ் படியிறங்கிப் புல்லில் படுத்தார். ஒருவன் அவர் முதுகில் முழங்காலை ஊன்றிக் கையை முறுக்கினான். எலும்பு நகர்ந்த சத்தம் தெருவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. ஒடெசா வேலியோரம் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கடைசிவரை இறக்கவில்லை.

ஹார்லன் ரைஃபிளைத் தரையில் வைத்தார். படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். மூட்டு வலிக்காரர், கனத்த உடம்பு. கிளியோஃபஸின் பக்கத்தில் மண்டியிட்டு, பிறகு குப்புறப் படுத்தார்.

"நீங்க எதுக்கு சார்? எழுந்திருங்க" என்றான் பைன்.

"துப்பாக்கி வெச்சிருந்தவன் நான்" என்றார் ஹார்லன், புல்லுக்குள் முகம் வைத்தபடி. "அவர் கையில ஒண்ணும் இல்ல. எனக்கும் விலங்கு போடு."

பைன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். முதுகில் இருந்த முழங்கால் மெதுவாக எடுக்கப்பட்டது.

வீட்டில் திருட்டுப் பொருள் எதுவும் கிடைக்கவில்லை. பூட்டுப் பெட்டியை உடைத்து இரண்டு துப்பாக்கியையும் கொண்டுபோனார்கள். கிளியோஃபஸைத் தோள் பிசகிய நிலையிலேயே லாக்கப்பில் வைத்திருந்து, ஒடெசா எடுத்த படத்தை வக்கீல் காட்டிய பிறகு விட்டார்கள். லூசில் பீச் பழம் வைத்து ஒரு இனிப்புப் பண்டம் சுட்டு ஒடெசா வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்தாள். வண்டியில் பூட்டாமல் துப்பாக்கி வைப்பதற்கு எதிரான சட்டம் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. ஹார்லன் கடையில் கூட்டம் குறைந்தது. சுவரில் எவனோ அசிங்கமாக எழுதிவிட்டுப் போனான். நவம்பரில் நடந்த ஷெரிஃப் தேர்தலில் ரட் முன்னைவிட அதிக ஓட்டு வாங்கி ஜெயித்தார்.

டிசம்பரில் நீதிபதி துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ரைஃபிள் வந்தது. கைத்துப்பாக்கியை ஷெரிஃப் ஆபீசில் காணவில்லை, எங்கே போனதென்று தெரியவில்லை, வருந்துகிறோம் என்றார்கள்.

அந்தச் செய்தியோடு வந்த கிளியோஃபஸ் வராந்தாப் படியில் உட்கார்ந்தார். ஹார்லனும் நானும் ஒடெசாவும் அங்கே இருந்தோம்.

"அப்ப அது ஊருக்குள்ள எவன் கையிலயோ இருக்கு" என்றாள் ஒடெசா.

"ஆமா" என்றார் கிளியோஃபஸ். "எம் பேர்ல. அதை வெச்சு எவன் எவனைச் சுட்டாலும், கேட்டு வர்றது என் வீட்டுக்குத்தான்."

ஹார்லன் எழுந்து வாசல்வரை போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். இத்தனை மாதங்களில் முதல்முறையாக அங்கே ரோந்துக் கார் இல்லை. எங்களுக்கு அது இன்னும் பயமாக இருந்தது.